ஆளுக்கொரு கணனி

எழுதுகருவி எழுத்தையும் மாற்றிவிடும் என்பது தமிழ் படித்தோருக்குப் புதிய செய்தியன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றியே எழுதி வந்தனர் நம் முன்னோர். பின்னாளில் சுவடிகளைப் பதிப்பிக்க முற்பட்டவர்கள், ஓரிடத்தில் நிற்பது மெய்யா, உயிர்மெய்யா என்று தெளிய முடியாமல் இடர்ப்பட்டனர். கருவியிலிருந்த ஒரு சிறு குறை நூலின் உருவத்தையே பாதித்தது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஓலையைப் பற்றியன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலே, 1977ஆம் ஆண்டில், தட்டச்சு இயந்திரத்தை ஒரு புறம் ஒதுக்கிவிட்டுக் கணனியின் முன் அமர்ந்து கதை எழுதத் தொடங்கிய ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் ஜெரி பூர்னெல். விஞ்ஞானப் புனைகதை படிப்போர் அவரை நாவலாசிரியராக அறிவர். கணனித் துறையிலுள்ள முதியவர்கள் அவரைப் பத்தி எழுத்தாளராக அறிவர். இரண்டும் ஒரே மனிதர்தானா என்று கேட்டோரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய கருத்துகள் முழுமையாக விளங்கும் என்பது என் எண்ணம்.

பூர்னெல் 1933இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் என்னும் ஊரில் பிறந்தவர். கொரிய யுத்த காலத்தில் இராணுவத்தில் இருந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று, பின்னர் அரசியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். போயிங் முதலிய விமான, விண்வெளி நிறுவனங்களில் பணியாற்றிய பிறகே முழுநேர எழுத்துக்கு வந்தார். புதிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளருக்கென ஜோன் டபிள்யூ. கெம்பெல் பெயரில் 1973இல் ஒரு விருது ஏற்படுத்தப்பட்டபோது அதனை முதன்முதலாகப் பெற்றவர் இவரே. இலக்கியக் கல்வி பெற்று வந்தவரல்லர் என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். அவருடைய பலமும் பலவீனமும் அங்கிருந்தே வருகின்றன.

அவர் வாங்கிய கணனிக்கு ‘எசேக்கியேல்’ என்று வேதாகமத் தீர்க்கதரிசியின் பெயரைச் சூட்டினார், செல்லமாக ‘சீக்’. இசட்-80 என்ற சில்லைக் கொண்ட அந்த யந்திரத்தை வாங்குவதற்கும் பொருத்துவதற்கும் நண்பர்கள் உதவினார்கள். அச்சுப்பொறி உட்படச் செலவு சுமார் 12,000 டொலர். நினைவகமோ 64 கிலோபைட்டு. அதாவது அறுபத்தையாயிரத்துச் சொச்சம் ஆங்கில எழுத்துகள். தட்டச்சுத் தாளில் முப்பது பக்கங்கள் சற்று மிஞ்சலாம். அந்த முப்பது பக்கத்துக்குள்தான் கணனி தன்னை இயக்கும் செய்நிரலையும் வைத்துக்கொள்ள வேண்டும், எழுத்தாளரின் அத்தியாயத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். மைக்கல் ஷ்ரேயர் என்பவர் 1976இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் பென்சில்’, அதாவது மின்பென்சில், என்ற மென்பொருளைக் கொண்டே அவர் எழுதத் தொடங்கினார்.

கணனியில் எழுதி நூல் வெளியிட்ட முதல் எழுத்தாளர் தாமே என்று பூர்னெல் நெடுங்காலம் சொல்லி வந்தார். அமெரிக்கப் பேராசிரியர் மத்தியூ கிர்ஷன்பௌம் 2016இல் வெளியிட்ட சொற்செயலிகளின் இலக்கிய வரலாற்றில் இந்த உரிமைக் கோரிக்கையை ஆராய்ந்திருக்கிறார். ஆங்கில நாவலாசிரியர் லென் டெய்ட்டன் தமது ‘பொம்பர்’ நாவலை, 1970இல் அது வெளிவருமுன்னரே, ஐ.பி.எம். நிறுவனத்தின் காந்த நாடாத் தட்டச்சு இயந்திரத்தில் உருவாக்கியிருந்தார். அதன் பாரம் காரணமாக லண்டனில் அவர் வீட்டுச் சன்னலைக் கழற்றிவிட்டுப் பாரந்தூக்கியால் உள்ளே இறக்கினார்களாம். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் திரை இல்லை. அதை இயக்கியவரும் நாவலாசிரியரின் உதவியாளரே. வீட்டு மேசையில், திரைக்கு முன்னால், தம் கையாலேயே நாவல் எழுதிய முன்னோடிகளில் பூர்னெல் ஒருவர் என்பதில் ஐயமில்லை. முதலாமவரா மூன்றாமவரா என்ற வழக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் படுவது அவர் அதற்குக் கூறிய காரணம். தட்டச்சில் ஒரு பக்கத்தை அடித்து முடித்தபின் ஒரு வாக்கியம் சரியில்லை என்று தோன்றுகிறது. திருத்தினால் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். களைத்த எழுத்தாளன் என்ன செய்வான்? பரவாயில்லை என்று விட்டுவிடுவான். அந்தப் ‘பரவாயில்லை’களின் தொகுப்பே நடுத்தரமான நூல். கணனி திறமையைத் தருவதில்லை. சோம்பலுக்குரிய சாக்கை எடுத்துவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து எழுதும்போது இந்நன்மை இரட்டிப்பாகும். பூர்னெலின் சிறந்த நாவல்கள் பெரும்பாலும் லாரி நிவன் என்பவருடன் சேர்ந்து எழுதியவை. ஒருவர் எழுதிய பகுதியை மற்றவர் தயக்கமின்றிக் குலைத்துக் கட்டுவதற்கு நெகிழ்வட்டு வசதி செய்தது.

இனி, அவருடைய பத்தி எழுத்துக்கு வருவோம். ‘பைட்’ என்ற கணனிச் சஞ்சிகையில் 1980ஆம் ஆண்டு ஜூலையில் எழுதத் தொடங்கி, 1998இல் அது அச்சில் நின்றுபோகும் வரை எழுதி வந்தார். தம் வீட்டுக்கு அவர் இட்ட பெயர் ‘கேயோஸ் மேனர்’. குழப்ப மாளிகை என்று தமிழில் சொல்லலாம். மாளிகை முழுவதும் கம்பிகளும் பெட்டிகளும் கைநூல்களும். மற்றத் தொழில்நுட்ப எழுத்தாளர்கள் அளவுகளையும் வேகங்களையும் அட்டவணையிட்டுக் கொண்டிருக்க, இவர் கதை சொன்னார். புதிய பொருள் ஒன்று தபாலில் வருகிறது. பெட்டியைப் பிரிக்கிறார். கைநூல் விளங்கவில்லை. இரவு இரண்டு மணி. நாவலின் கெடு நாளை. கணனி உறைந்து நிற்கிறது. மகன் வந்து ஒரு யோசனை சொல்கிறான். இப்படியே போகும். கணனிகளும் அங்கே கதாபாத்திரங்கள்தான். சீக் மூப்படைந்தபோது ‘இரண்டாம் சீக்’ வந்தது. ஐ.பி.எம். கணனிக்கு, ‘பீனட்ஸ்’ என்ற சித்திரத் தொடரில் எப்போதும் முணுமுணுத்துக் கொண்டிருக்கும் சிறுமி லூசியின் பெயர் கிடைத்தது. சிறு எரிச்சல்களையும் சிறு வெற்றிகளையும் கொண்டு நகரும் குடும்ப நாவலொன்றைப் படிப்பது போலவே வாசகர்கள் இதனைப் படித்தார்கள். பொறியியலாளர் அல்லாதவர்களும் படித்தார்கள் என்பதே அதன் வெற்றி.

பத்தியின் தலைப்பே முதலில் ‘பாவனையாளரின் பத்தி’ என்றுதான் இருந்தது. அதில் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. கணனியைச் செய்தவன் அதைப் பற்றிச் சொல்வது ஒன்று. அதைக் கொண்டு அன்றாடம் பிழைக்க வேண்டியவன் சொல்வது வேறொன்று. சமைத்தவரே சாப்பாட்டுக்குச் சான்றிதழ் வழங்க முடியாது அல்லவா? அக்காலத்தில் பரவலாக இருந்த சீ.பி.எம். என்ற இயக்க முறைமை, ஏதாவது பிசகினால் ‘பீடொஸ் பிழை’ என்று ஒரு வரியைத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். என்ன பிழை, எங்கே பிழை, எழுதிய அத்தியாயம் இருக்கிறதா போய்விட்டதா, ஒன்றும் தெரியாது. பாவனையாளன் முட்டாள் என்று மென்பொருள் எழுதியவர்கள் கருதிய காலம் அது. முட்டாள் பாவனையாளன் அல்லன், விளங்கும்படி கைநூல் எழுதத் தெரியாதவனே என்று திருப்பிச் சொன்னார் பூர்னெல். மென்பொருளுக்குக் கொடுக்கும் மதிப்பைக் கைநூலுக்கும் அதன் சொல்லடைவுக்கும் கொடுத்து விமர்சித்தார். தொழில்நுட்ப உரைநடையும் உரைநடைதான், அதற்கும் தெளிவு வேண்டும் என்பதை ஒரு நாவலாசிரியர் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கடுமையாக எதிர்த்தது பிரதிப் பூட்டை. எண்பதுகளில் பல கம்பனிகள் தங்கள் மென்பொருளைப் பிரதி செய்ய முடியாத நெகிழ்வட்டுகளில் விற்றன. திருட்டைத் தடுக்கவாம். நெகிழ்வட்டோ தூசு படிந்தாலே கெடக்கூடியது. கெட்டுவிட்டால் காசு கொடுத்து வாங்கியவன் வேலை நின்றுபோகும். திருடியவனோ பூட்டை உடைத்து எடுத்துக்கொண்ட பிரதியுடன் சுகமாக இருப்பான். நேர்மையான வாடிக்கையாளரைத் தண்டிக்கும் இம்முறையை அவர் மாதம் தவறாமல் சாடினார். எண்பதுகளின் பிற்பகுதியில் பெரிய கம்பனிகள் பல இம்முறையைக் கைவிட்டன. அவர் ஒருவரால் நேர்ந்ததன்று. ஆயினும் அவர் குரல் அங்கே பலமாகக் கேட்டது. வருகிறது, வருகிறது என்று விளம்பரம் செய்து வராமலே போகும் மென்பொருள்களைக் குறிக்க ‘வெகு விரைவில்’ என்ற சொற்றொடரைக் கேலியாகப் பரப்பியவரும் அவரே.

கணனி மொழிகளைப் பற்றியும் அவருக்கு அழுத்தமான கருத்துகள் இருந்தன. இங்கே அதிகம் விரித்தால் இலக்கிய நேயர்கள் வானொலியை நிறுத்திவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், எழுதும்போதே பிழையைக் காட்டிக் கொடுக்கும் கண்டிப்பான இலக்கணமுடைய பாஸ்கல், மொடியூலா-2 போன்ற மொழிகள் அவருக்குப் பிடித்தன. எதையும் அனுமதித்துவிட்டுப் பின்னர் கவிழ்க்கும் சீ மொழி பிடிக்கவில்லை. உலகம் சீ மொழியின் பக்கமே போயிற்று. இன்று பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டு அஞ்சிக் கண்டிப்பான மொழிகளை நாடுவோரைப் பார்க்கும்போது, அந்தத் தோல்வியும் முழுத் தோல்வியன்று என்று தோன்றுகிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தம்மைச் சாதாரண பாவனையாளர் என்று அவர் சொல்லிக் கொண்டாலும் அவர் அப்படியல்லர். புகழ் பரவப் பரவக் கம்பனிகள் தாமே பொருள்களை வீட்டுக்கு அனுப்பின. தொலைபேசியை எடுத்தால் மென்பொருளை எழுதியவரே பதில் சொன்னார். ஏதோவொரு சிற்றூரில் தனியே உட்கார்ந்து கணனியோடு போராடிய மனிதனுக்கு அந்தத் தொலைபேசி இலக்கம் கிடைத்திருக்காது. பத்தியின் பிற்காலப் பகுதிகளில் இது உறுத்துகிறது. அதற்கு மாறாக, எழுத்தறிவில்லாத இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்பித்து வந்த அவருடைய மனைவி, ஒலிமுறையில் ஆங்கில வாசிப்பைப் பழக்கும் மென்பொருளொன்றை உருவாக்கிய கதையை அவர் எழுதும் இடங்கள் இயல்பான கனிவு கொண்டவை. வாசிக்கக் கற்பிப்பது எத்தகைய வேலை என்று அறிந்தவர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவை அவை.

பூர்னெலின் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. ஒரு பாவனையாளருக்குக் குறைந்தது ஒரு மத்திய செயலாக்க அலகு. ஆளுக்கொரு மூளை என்று சொல்லலாம். இன்று இதில் என்ன புதுமை என்று கேட்கத் தோன்றும். எழுபதுகளில் கணனி என்றால் ஒரு கட்டடத்தில் இருக்கும் பெரும் யந்திரம். பத்துப் பேரோ நூறு பேரோ முனையங்களில் அமர்ந்து அதன் நேரத்தைப் பங்கிட்டுக் கொள்வார்கள். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் யந்திரத்தின் சொந்தக்காரன் எப்போது வேண்டுமானாலும் கதவை மூடலாம், உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கலாம், விதிகளை மாற்றலாம். சில்லின் விலை விழுந்துகொண்டே போகும்போது ஒரு மூளையை நூறு பேர் பங்கிடுவதில் பொருளில்லை என்பது பூர்னெலின் பொருளாதார வாதம். அதன் அடியில் ஓர் அரசியல் வாதமும் இருந்தது. அறிவுக் கருவி தனிமனிதன் கையில் இருக்க வேண்டும். இரும்புத்திரைக்குப் பின்னால் இருந்த அரசுகள் கணனியை அனுமதித்தால் கருத்துகளைக் கட்டுப்படுத்த முடியாது, அனுமதிக்காவிட்டால் பொருளாதாரத்தில் பின்தங்கும் என்று அவர் எண்பதுகளில் வாதிட்டார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. காரணம் கணனி ஒன்றே என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் காட்டிய இக்கட்டு கற்பனையானதன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் கணனியொன்றில் அவருக்கு விருந்தினர் கணக்கு இருந்தது. பொதுப்பணத்தில் நடந்த அந்த ஆய்வு வலையைப் பற்றி அவர் பகிரங்கமாக எழுதியது அங்கிருந்தவர்களுக்கு எரிச்சலூட்டியது. 1985இல் அவர் கணக்கு மூடப்பட்டது. அவர் மிகுந்த கோபமடைந்தார். ஆனால் பிறர் யந்திரத்தில் குடியிருப்பவன் நிலை இதுதான் என்ற அவருடைய விதிக்கு அவரே உதாரணமாகிப் போனார்.

இன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். நான்கு கிகாபைட்டு நினைவகமுள்ள சாதாரணக் கைத்தொலைபேசி, சீக்கின் நினைவகத்தைப் போல 65,536 மடங்கு கொண்டது. அதற்குள் ஒரு மூளையன்று, பெரும்பாலும் எட்டு மூளைகள். பூர்னெலின் விதி எழுத்தளவில் எட்டு மடங்காக நிறைவேறிவிட்டது. ஆனால் நாம் எழுதும் கடிதமும் எடுக்கும் படமும் யாரோ ஒரு கம்பனியின் தொலைதூர யந்திரங்களில் கிடக்கின்றன. மென்பொருளை விலைக்கு வாங்கிய காலம் போய், மாத வாடகை கட்டும் காலம் வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஜூலையில் அமேசன் நிறுவனம், தன் கிண்டில் வாசிப்புக் கருவிகளில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த இரண்டு நூல்களை, விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று கண்டபின், வாசகர்களைக் கேளாமலே தொலைவிலிருந்து அழித்தது. அழிந்தவை எவை தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய ‘1984’உம் ‘விலங்குப் பண்ணை’யும். நூலின் ஓரத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவன், தன் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தான். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எனினும் புத்தக அலுமாரியின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பது அன்று தெரிந்துவிட்டது. மூளை ஆளுக்கொன்று கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. கட்டடத்தில் இருந்த அந்தப் பழைய பெரும் யந்திரம், கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய் மீண்டும் அமர்ந்து கொண்டது.

இந்தக் கவலை பூர்னெலின் நாவல்களிலும் ஊடோடுகிறது. நிவனும் அவரும் 1974இல் வெளியிட்ட நாவலின் பெயரைக் ‘கடவுளின் கண்ணில் ஒரு துரும்பு’ என்று மொழிபெயர்க்கலாம். விவிலியத்தில் வரும் துரும்பேதான். விண்வெளியில் ஒரு கருமுகில் முக்காடிட்ட முகம் போலத் தெரிகிறது. அதில் ஒரு பெருஞ்செந்நட்சத்திரம் கண்ணாக ஒளிர்கிறது. அதனருகே ஒரு சிறு நட்சத்திரம் துரும்பு. அங்கே வாழும் வேற்றுயிர்களை மனிதர்கள் முதன்முதலாகச் சந்திப்பதே கதை. அந்நாவலின் மனிதர்கள் சட்டைப்பையில் சிறு கணனியை வைத்திருக்கிறார்கள். எழுத்தாணியால் அதன் மேல் எழுதிக் கேட்கிறார்கள். அது கம்பியின்றிக் கப்பலின் பெருங்கணனியோடு பேசி விடை தருகிறது. வீட்டுக் கணனியே கடைக்கு வராத ஆண்டில் எழுதியது இது. எந்த வினாவுக்கு விடை உண்டோ அந்த விடையை நூற்றாண்டின் முடிவுக்குள் எவரும் வீட்டிலிருந்தே பெறலாம் என்று அவர் பின்னர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததற்கு இங்கே வித்து இருக்கிறது.

ஆனால் நாவலின் உயிர் அந்தக் கருவியில் இல்லை, வேற்றுயிர்களில் இருக்கிறது. துரும்பு உலகத்தில் இரண்டு பொருள் ஒன்றுபோல் இரா. அவர்களுடைய பொறியியலாளர் இனத்துக்கு எதையும் உள்ளபடி விட்டுவைக்கத் தெரியாது. ஒவ்வொரு கருவியையும் பாவிப்பவர் கைக்கேற்ப மாற்றிவிடும். மனிதர்களின் கப்பலிலிருந்த கோப்பி வடிக்கும் பாத்திரத்தையும் அது மாற்றுகிறது. கோப்பி முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது. பாவனையாளருக்கேற்ற கருவி என்ற பூர்னெலின் கனவு அங்கே முழுமையடைந்திருக்கிறது. அந்த உலகமோ மீள முடியாத துயரத்தில் கிடக்கிறது. இனம் பெருகாவிட்டால் அவர்கள் இறந்துபோவார்கள். பெருகினால் யுத்தம் வந்து நாகரிகம் அழியும். எத்தனையோ முறை அழிந்து எழுந்த அவர்கள், அடுத்த எழுச்சிக்காக அரும்பொருட்காட்சிச் சாலைகளில் அறிவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கதவின் பூட்டு ஒரு விஞ்ஞானப் புதிர். அதை விடுவிக்குமளவு அறிவு வளர்ந்த தலைமுறைக்கே கதவு திறக்கும். இந்த வட்டத்திலிருந்து வெளியேற வழியுண்டு என்று நம்புபவனை அவர்கள் பைத்தியக்காரன் என்கிறார்கள். அவனைப் பற்றி அவர்களிடம் கதைகள் வழங்குகின்றன. தொழில்நுட்பத்தை வாழ்நாளெல்லாம் கொண்டாடிய ஒருவர், அதனால் மட்டும் தீராத ஒரு துயரைக் கற்பனை செய்திருப்பதே அந்நாவலை இன்றும் படிக்க வைக்கிறது.

1977இல் வந்த ‘லூசிபரின் சம்மட்டி’ வேறுவகை. வால்வெள்ளி ஒன்று பூமியில் மோதி நாகரிகம் சிதறுகிறது. விஞ்ஞானி ஒருவர், நீரிழிவு நோயாளி, இன்சுலின் தீர்ந்தால் தம் ஆயுளும் தீரும் என்று அறிந்தவர், தம் நூல்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மலக்குழித் தொட்டிக்குள் ஒளித்து வைக்கிறார். திருட வருபவன் அங்கே தேடமாட்டான் என்பது கணக்கு. எந்தக் கவிதையிலும் நூலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்யப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அதே நாவலில் பெரிய களங்கமும் உண்டு. நாகரிகத்தின் எதிரிகளாக வரும் நரமாமிசம் உண்ணும் படையில் கறுப்பின ஆயுதக் கும்பலும் சுற்றாடல் ஆர்வலர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கறுப்பின விண்வெளி வீரர் ஒருவரே இறுதியில் மின்நிலையத்தைக் காக்கும்படி மன்றாடி அனைவர் மனத்தையும் மாற்றுகிறார் என்பது உண்மைதான். அதனால் அந்தக் களங்கம் மறைந்துவிடவில்லை.

கையிலுள்ள கருவியை நுணுக்கமாகச் சோதித்துப் பார்த்த இவர், அரசின் கருவிகளை அப்படிச் சோதித்தாரா? 1980இல், ரொனால்ட் றேகன் தேர்தலில் வென்ற பின்னர், விண்வெளிக் கொள்கை குறித்து ஆலோசனை கூற ஒரு பிரஜைகள் குழுவை அமைத்து அதற்குத் தலைமை தாங்கினார் பூர்னெல். கலிபோர்னியாவில் டார்சானா என்ற இடத்திலுள்ள நிவனின் வீட்டில் அது கூடியது. எழுத்தாளர்கள், பொறியியலாளர்கள், இராணுவத்தினர் ஒரே மேசையில் அமர்ந்தனர். அணு ஏவுகணைகளை விண்ணிலேயே தடுத்து அழிக்கும் திட்டத்தை 1983 மார்ச் 23ஆம் திகதி றேகன் அறிவித்தார். ‘நட்சத்திர யுத்தம்’ என்று எதிர்ப்பாளர் பெயரிட்டது இதற்கே. இதற்குத் தங்கள் ஆவணங்களும் வித்திட்டன என்று பூர்னெல் நம்பினார். எந்த அளவுக்கு என்பதில் எல்லோரும் உடன்படுவதில்லை.

இந்த இடத்தில் கொழும்பு வருகிறது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் கணனியில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். ‘2010’ நாவலை ஆர்க்கைவ்ஸ் என்ற சிறு கணனியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளைக் கொண்டு எழுதி, கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஐந்தங்குல நெகிழ்வட்டில் அனுப்பினார். 1982இல் நூல் வந்தது. அதைத் திரைப்படமாக்கிய இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் 1983, 84இல் கேப்றோ கணனி மூலம் தொலைபேசி வழியே கடிதப் போக்குவரத்து நடத்தினார். அக்கடிதங்கள் 1985இல் நூலாயின. பூர்னெலும் கிளார்க்கும் ஒரே தலைமுறைக் கருவிகளைப் பாவித்தவர்கள், விண்வெளிப் பயணத்தை ஒரே ஆர்வத்துடன் விரும்பியவர்கள். ஆனால் விண்ணில் ஆயுதம் என்ற யோசனையைக் கிளார்க் எதிர்த்தார். தொழில்நுட்ப ரீதியாகவும் அது தேறாது என்று வாதிட்டார். 1984இல் அவர் டார்சானாவுக்கு வந்தபோது, விஞ்ஞானப் புனைகதையின் மூத்தவரான ரொபர்ட் ஹைன்லைன் அவர் மீது சீறி விழுந்தார். அமெரிக்காவின் பாதுகாப்பைப் பற்றி வெளிநாட்டவர் பேச வேண்டாம் என்பதே அதன் சாரம். பல்லாண்டு நட்பு அந்த அறையில் முறிந்தது. 1988இல் ஹைன்லைன் மறைந்தார்.

என் மதிப்பீட்டைக் கேட்டால், கிளார்க் சொன்னது கவனமாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய வார்த்தை. எந்த அதிகாரவர்க்க அமைப்பிலும் அதன் நோக்கத்துக்காக உழைப்பவர்களைவிட அமைப்பையே காப்பாற்ற உழைப்பவர்கள் இறுதியில் மேலோங்குவர் என்று ‘இரும்பு விதி’ வகுத்தவர் பூர்னெல். பல கோடி டொலர் ஆயுதத் திட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று அவர் எப்படி நினைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. 1985இல் நிவனும் அவரும் எழுதிய ‘காலடி விழும் ஓசை’ என்று சொல்லக்கூடிய நாவலில், வேற்றுக்கிரகப் படையெடுப்பின்போது விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் குழுவொன்று ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறி உலகத்தைக் காப்பாற்றுகிறது. டார்சானா அறையின் சுயபுகழ்ச்சி என்றே அதைப் படிக்க முடிகிறது. சுவையாக இருப்பதை மறுக்க முடியாது.

அந்த அறையிலிருந்து நல்ல பயனும் வந்தது. மீண்டும் மீண்டும் பாவிக்கக்கூடிய ரொக்கெட் வேண்டும் என்று பூர்னெலும் வேறு இருவரும் 1989இல் உப ஜனாதிபதி குவேலிடம் எடுத்துச் சொன்னார்கள். அந்த முயற்சியின் வழியில் பிறந்த டிசி-எக்ஸ் என்ற சோதனை ரொக்கெட் 1993 ஆகஸ்ட் 18இல் நியூமெக்சிக்கோ பாலைவனத்தில் எழுந்து, அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, நெருப்பின் மேல் நிமிர்ந்தபடியே தரையிறங்கியது. 1996இல் அது தரையிறங்கும்போது ஒரு கால் விரியாததால் சாய்ந்து எரிந்து போயிற்று. 2015 டிசம்பரில் செயற்கைக்கோள்களை ஏவிய பால்கன் ரொக்கெட் அதே பாணியில் நிமிர்ந்து இறங்கியபோது பூர்னெலுக்கு வயது 82. 2017 செப்டெம்பர் 8ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் உறக்கத்தில் காலமானார். சீக்கை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவகத்து அரும்பொருட்காட்சிச் சாலை ஏற்றுக்கொண்டது.

அவரைப் படிக்க விரும்பும் நேயர்கள் துரும்பு நாவலிலிருந்து தொடங்கலாம். நாவல் நீளம் என்று அஞ்சுவோர், பழைய ‘பைட்’ சஞ்சிகை எங்காவது ஒரு நூலகத்தின் மூலையில் கட்டாகக் கிடந்தால், 1983, 84ஆம் ஆண்டு இதழ்களை எடுத்து அவருடைய பத்தியை மட்டும் புரட்டிப் பார்க்கலாம். யந்திரங்களின் பெயர்கள் எல்லாம் மறைந்தவை. கைநூலைத் திட்டும் இடங்கள் மாத்திரம் நேற்று எழுதியவை போலிருக்கும்.